காவலுக்கும் ஒரு காவல்

சேலத்தில் வாழ்பவர்களுக்கு மின்வெட்டு புதியதன்று. ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மேட்டூர் இருக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீரும், அதன் அருகே எழுந்த அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் மின்சாரமாக மாறி ஊர் ஊராகச் செல்கின்றன. ஆனாலும் 2012-ஆம் ஆண்டில், சென்னைக்கு வெளியே இருந்த மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக இருட்டில் கிடந்தபோது, சேலமும் அவற்றோடு சேர்ந்தே கிடந்தது. ஆற்றங்கரையில் குடியிருந்தும் தாகத்தோடு உறங்கிய கதைதான். விசைத்தறிகள் நின்றன. செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிப் பட்டறைகள் நின்றன. மாலைத் திருப்பலியில் மெழுகுவர்த்திகள் அழகுக்காக அல்ல, தேவைக்காகவே எரிந்தன. பனையோலை விசிறியை மறந்துபோயிருந்த கைகள் மீண்டும் அதைத் தேடின.

அந்த நாட்கள் போய்விட்டன. இன்று மின்சாரம் போவதென்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல்பொழுது. அல்லது சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப்பக்கமிருந்து இறங்கும் சூறைக்காற்றில் மரக்கிளை ஒன்று முறிந்து கம்பியின்மேல் விழுந்தால் ஓர் இரவு. முன்பைவிடக் குறைவுதான். ஆனால் மின்சாரம் போவதன் பொருள் மாறிவிட்டதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். முன்பு மின்சாரம் போனால் விளக்கும் விசிறியும் நின்றன. இன்று மின்சாரம் போனால், வீட்டைக் காத்து நிற்கும் காவலனும் ஓசையின்றிக் கண்ணயர்ந்துவிடுகிறான். இந்த உண்மையை நாம் ஒரு முதிய தாயின் வேதனையிலிருந்து கற்றுக்கொண்டோம். கற்றதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று தோன்றியதால் இதனை எழுதத் துணிகிறோம்.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைக் கடந்து ஏற்காடு சாலையில் சிறிது தூரம் சென்று, ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினால் அந்த வீடு வரும். முன்புறம் ஒரு முருங்கை, பின்புறம் ஒரு வேம்பு. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வாழ்கிறார். வயது 78. அக்கம்பக்கத்தில் பலர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் தெருவுக்கே அவர் டீச்சரம்மா, நமக்கும் அப்படித்தான். கணவர் மறைந்து ஆண்டுகள் ஒன்பது ஆகின்றன. ஒரே மகன் கனடாவில் பணியாற்றுகிறார். இது அந்த ஒரு வீட்டின் நிலை மட்டுமன்று. அந்தத் தெருவில் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் கதவைத் திறப்பவர்கள் நரைத்த தலையினரே. பிள்ளைகள் சுவரில் புகைப்படமாகவும், இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் முகமாகவும் இருக்கிறார்கள்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் மூவரும் கொலையுண்ட செய்தி கொங்கு நாட்டையே உலுக்கியது. அச்சம் அடங்குமுன், 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனித்து வாழ்ந்த முதிய தம்பதியர் கொலையுண்ட செய்தி வந்தது. தனித்திருக்கும் பெற்றோரை நினைத்துத் தொலைதூரத்துப் பிள்ளைகள் எத்தனை இரவுகள் உறங்காதிருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டீச்சரம்மாவின் மகன் முதல் செய்தியைக் கேட்டவுடனேயே விடுப்பெடுத்து வந்தார். வீட்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தினார்.

கருவி நன்றாகவே இருந்தது. முன்கதவிலும் பின்கதவிலும் காந்தத் துண்டுகள். கூடத்தில் அசைவை உணரும் கண். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதனோடு ஒரு சைரன். டீச்சரம்மாவின் கழுத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும்படி ஒரு சிறு பொத்தான். கதவு திறந்தாலோ பொத்தானை அழுத்தினாலோ, செய்தி இணையத்தின் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்குச் சென்று, அங்கிருந்து மூவரின் கைப்பேசிகளை அலற வைக்கும். முதலாவது மகன். இரண்டாவது நாம். மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரர். “இனிமே நிம்மதி ஃபாதர்” என்றார் மகன். நாமும் தலையசைத்தோம்.

அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான் நாம் சொல்ல வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறி வந்தோம். மழை பெய்தால், மின்சாரம் போனால், ஒரு முறை தொலைபேசியில் அழைத்து நலம் கேட்போம். கருவி வந்தபின் வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆயிற்று. நாம் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பாரம் குறைந்ததுபோல் ஓர் உணர்வு, அவ்வளவுதான்.

2025 கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு. ஒன்பதரை மணிக்குச் சூறைக்காற்று எழுந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. பின் மழை. பங்கு இல்லத்தின் சன்னலைச் சாத்தப் போனபோது தெருக்கள் யாவும் இருண்டு கிடப்பதைக் கண்டோம். டீச்சரம்மாவின் நினைவு வந்தது. கைப்பேசியை எடுக்கக் கையும் போயிற்று. மறுநாள் ஞாயிறு, விடியற்காலைத் திருப்பலி. ‘கருவிதான் இருக்கிறதே’ என்று எண்ணிப் புரண்டு படுத்தோம்.

இரவு ஒரு மணியளவில் டீச்சரம்மா குளியலறைக்குச் சென்றிருக்கிறார். ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. கழுத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். கூடத்தில் சைரன் ஒலித்தது. சில நிமிடங்களில் தானே அடங்கியது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் ஒலித்து அடங்கியது. மூன்றாம் முறையும் அப்படியே. மழையின் இரைச்சலில், சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் உறங்கியவர்களுக்கு அது கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் திருமணத்திற்காக வெளியூர் போயிருந்தார்கள். நம் கைப்பேசி தலைமாட்டிலேயே இருந்தது. அது ஒலிக்கவில்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால்காரர் குளியலறைச் சன்னல் வழியாக முனகலைக் கேட்டிருக்கிறார். கதவு உட்புறம் பூட்டியிருந்ததால் மிதிவண்டியைத் திருப்பிக்கொண்டு கோவிலுக்கு ஓடிவந்தார். நாம் திருப்பலிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். அவர் பேசி முடிக்குமுன் விளக்குகள் எரிந்தன, மின்சாரம் திரும்பியிருந்தது. கோவில்பிள்ளையையும் இரண்டு இளைஞர்களையும் அழைத்துக்கொண்டு நாம் வாயிலைத் தாண்டும்போது, அங்கியின் பையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று செய்திகள். இரவு ஒரு மணிக்கு அழுத்திய மூன்று அழைப்புகளும், நான்கரை மணி நேரம் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் காத்துக் கிடந்து, அப்போதுதான் வந்து சேர்ந்தன.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. இறைவன் அருளால் இன்று நடைதாங்கியின் துணையோடு நடமாடுகிறார். மருத்துவமனையில் நாம் சென்று பார்த்தபோது அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. “மூணு தடவை அமுக்கினேன் சாமி. மணி அடிச்சுது. யாரும் வரலை. அப்புறம் ஜெபமாலை சொல்லிக்கிட்டே கிடந்தேன்” என்றார், நடந்ததை நடந்தபடி சொல்லும் குரலில். கடிந்துகொண்டிருந்தால் நமக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

என்னதான் நடந்தது என்று அறிய, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றோம். இன்வெர்ட்டர், கண்காணிப்புக் கேமரா வேலைகளைச் செய்பவர். அவர் முதலில் கேட்டது, “கரண்ட் போனப்ப ஃபேன் ஓடிச்சாங்க டீச்சர்?” என்பதுதான். ஓடியதாம். இரவு முழுவதும் படுக்கையறையில் விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்ததாம். வீட்டில் 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு நல்ல இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. பழுது ஏதுமில்லை. பின் ஏன் செய்தி போகவில்லை?

தம்பி தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் இருந்த பிளக்கைக் காட்டினார். இணையத்தைக் கொண்டுவரும் மோடம் அதில் செருகப்பட்டிருந்தது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பொருத்தும்போது எல்லாப் பிளக்குகளுக்கும் அதன் இணைப்பைத் தருவதில்லை. விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் தருவார்கள். தொலைக்காட்சி, குளிர்பெட்டி, அரவை இயந்திரம் இவற்றின் பிளக்குகளை நேரடி மின்சாரத்திலேயே விட்டுவிடுவார்கள். பாரம் கூடாது என்பதற்காக அது சரியான செயலே. இணைய இணைப்பைத் தர வந்தவர் தொலைக்காட்சிக்கு அருகில் மோடத்தை வைத்தார், அதுவும் வழக்கமே. எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தியவர், பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது, சைரன் ஒலிக்கும் என்று சோதித்துக் காட்டினார், அதுவும் உண்மையே. மகன் கனடாவிலிருந்து சோதித்தார். செய்தி நொடியில் வந்தது. ஆனால் அப்போது மின்சாரம் இருந்தது.

நால்வரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். நால்வரில் ஒருவரேனும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டில் நின்று, ‘இப்போது பொத்தானை அழுத்துங்கள் பார்ப்போம்’ என்று சொல்லவில்லை. பத்து வாட் மின்சாரம்கூட உண்ணாத ஒரு சிறு பெட்டி பசியோடு அணைந்து கிடக்க, அதன் அருகிலேயே 1,800 வாட்-மணி மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்த பேட்டரி விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குறை மின்சாரத்தில் இல்லை, பகிர்வில்தான் இருந்தது.

கனடாவில் இருந்த மகனின் நிலையையும் சொல்ல வேண்டும். அங்கே அப்போது நண்பகல். வீட்டின் இணைப்பு அறுந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு அவருக்குச் சென்றிருக்கிறது. இத்தகைய கருவிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று தொலைவிலுள்ள கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் கணினி உரியவருக்குத் தெரிவிக்கும். ஆனால் அந்த அறிவிப்பு வாரத்துக்கு இருமுறை, மும்முறை வந்து பழகிப்போன ஒன்று. விரலால் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. அவர் அறிவிப்பைத் தள்ளினார். நாம் மனத்தில் எழுந்த நினைவைத் தள்ளினோம்.

பழைய தொலைபேசியை நினைத்துப் பார்க்கிறோம். கறுப்பு நிறத்தில், கனமாக, சுழற்றும் எண்வட்டத்தோடு இருந்த அந்தப் பெட்டி ஊரே இருண்டாலும் பேசியது. காரணம், அது நம் வீட்டு மின்சாரத்தை நம்பி இருக்கவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து இரண்டு செப்புக் கம்பிகளின் வழியாக 48 வோல்ட் மின்னழுத்தம் அதற்கு வந்துகொண்டிருந்தது. நிலையத்தில் அறை நிறையப் பேட்டரிகளும், அவற்றுக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டரும் இருந்தன. எங்கோ ஒருவர் நமக்காக எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். நாம் அறியாமலேயே அதன் ஒளியில் பேசினோம். இன்று வரும் கண்ணாடி இழை, செய்தியை மின்னல் வேகத்தில் கொண்டுவருகிறது, மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. எண்ணெய் ஊற்றும் பொறுப்பு ஓசையின்றி நம் வீட்டுக்கு மாறிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த மறதி அன்று. பிரிட்டனில் செப்புக் கம்பித் தொலைபேசியை அகற்றி இணையவழித் தொலைபேசிக்கு மாற்றும் பணி நடந்துவருகிறது. 2027 ஜனவரிக்குள் முடிக்கத் திட்டம். 2021-22 குளிர்காலப் புயல்களில் மின்சாரம் இழந்த மக்கள் உதவிக்கு அழைக்க வழியின்றித் தவித்தபின், அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான பி.டி. 2022 மார்ச்சில் அந்த மாற்றத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டிலேயே, தொலைபேசி நிறுவனங்கள் எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளர் விலைகொடுத்துப் பெற வழிசெய்ய வேண்டும் என்றும், சில ஆண்டுகளில் அதை 24 மணி நேரமாக உயர்த்த வேண்டும் என்றும் விதி செய்தார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துகலும் நண்பகலில் இருண்டபோது, கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்து, பல இடங்களில் பேச்சே நின்றுபோயிற்று. நம் தமிழகத்திலும் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, விளக்கும் இணையமும் ஒருங்கே அணைந்ததைக் கண்டோம்.

இனி, அந்த வீட்டில் நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்வோம். நம் வாசகர் இல்லங்களில் இப்படிப்பட்ட கருவி இருக்குமானால் இது பயன்படும்.

முதலாவதாக, மோடத்தை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்குக்கு மாற்றினோம். இன்வெர்ட்டரின் பின்புறம் யு.பி.எஸ். என்று குறித்த ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அந்த நிலையில் வைத்தால், மின்சாரம் போகும் நொடியில் மோடம் அணைந்து எரியாமல் தொடர்ந்து இயங்கும். இல்லையெனில் அது அணைந்து மீண்டும் விழித்து இணைப்பைப் பெறச் சில நிமிடங்கள் ஆகலாம். திருடன் அந்தச் சில நிமிடங்களைத்தான் கேட்கிறான்.

இரண்டாவதாக, மோடத்துக்கென்றே ஒரு சிறு பேட்டரிப் பெட்டியை வாங்கி வைத்தோம். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளுக்கு இதுவே முதல் மருந்து. இதில் ஒரு கணக்கை அறிந்துகொள்வது நலம். அட்டையில் 10,000 மில்லியாம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லைக் கொண்டு சொன்ன கணக்கு. இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-மணிதான். பத்து வாட் உண்ணும் மோடத்துக்கு அது ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். எழுத்தின் பருமனை நம்பாமல் பெருக்கிப் பார்த்து வாங்க வேண்டும். வாங்குமுன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ, அதற்கு ஒத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று விசாரித்தோம். கண்ணாடி இழை நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்தால், வழியில் அதைப் பிரித்துத் தரும் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் சில தெருக்களில் மின்கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ ஒரு பெட்டியை மாட்டி, அந்த வீட்டு மின்சாரத்தில் அதை இயக்கி, அங்கிருந்து கம்பி இழுத்திருப்பார்கள். அப்படியானால் தெருவில் மின்சாரம் போனவுடன் அந்தப் பெட்டி செத்துவிடும். நம் வீட்டில் எத்தனை பேட்டரி இருந்தும் பயனில்லை. டீச்சரம்மாவின் இணைப்பு நேரே வருவது. நம் பங்கு இல்லத்து இணைப்போ மாடிப் பெட்டி வழியாக வருவது என்று அன்றுதான் அறிந்தோம்.

நான்காவதாக, இரண்டாம் வழி ஒன்று. வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு சிம் அட்டையைப் பொருத்த இடம் இருந்தது; அது வெறுமையாகக் கிடந்தது. அதில் சிம் போட்டோம். இணையம் அறுந்தால் கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகச் செய்தி போகும். பெரும்பாலான கோபுரங்களுக்குப் பேட்டரி உண்டு; சிலவற்றுக்கு ஜெனரேட்டரும் உண்டு. மோடம் எந்த நிறுவனத்தைச் சார்ந்ததோ, சிம் அதுவாக இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் சிம்மாக இருப்பது நல்லது. ஒரே கிணற்றிலிருந்து இரண்டு வாளிகளில் நீர் எடுப்பவன், கிணறு வற்றினால் இரண்டையும் இழப்பான்.

ஐந்தாவதாக, பேட்டரி சாகும் பொருள் என்பதை மனத்தில் வைத்தோம். ஈய அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. நம் சேலத்துச் சித்திரை வெயிலில், காற்றில்லாத மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பேட்டரி என்ன பாடுபடும்? வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரியை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே அறிவு. வாங்கிய தேதியை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டார் தம்பி.

இவை யாவும் கருவிக்குச் செய்தவை. இவற்றைச் செய்தபின்னும் நம் மனம் அமைதியடையவில்லை.

பத்துக் கன்னியர் உவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம் என்று கணக்கில்லை. விழித்திருங்கள் என்று சொல்லி முடிப்பது வழக்கம். அந்த விபத்துக்குப் பின் அப்பகுதியை மீண்டும் வாசித்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கண்டும் காணாதிருந்த ஒன்று கண்ணில் பட்டது. மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். விவேகிகளும்தான் உறங்கினார்கள். உறக்கம் அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. பத்துப் பேரிடமும் விளக்கும் இருந்தது. வேறுபாடு ஒன்றே ஒன்று: ஐவர், காத்திருப்பு நீளக்கூடும் என்று முன்னரே எண்ணிப் பார்த்திருந்தார்கள். மனிதன் உறங்கத்தான் செய்வான். தான் உறங்குவான் என்பதை அறிந்து, அந்த நேரத்துக்கும் சேர்த்து எண்ணெய் எடுத்து வைப்பதே விவேகம். அந்த இரவில் நாம் உறங்கியது பிழையன்று. உறங்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்யாததே பிழை.

ஆகவே அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினோம். அந்தத் தெருவில் தனியே வாழும் முதியவர்களின் வீடுகளை எழுதினோம். எந்த மதத்தினர் என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து செல்லும் தொலைவில் இரு குடும்பங்களைக் குறித்தோம். இரவில் மின்சாரம் போய் அரை மணி நேரத்தில் திரும்பாவிட்டால், முறைக்காரர் அந்த வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் போய்க் கதவைத் தட்ட வேண்டும். முறைக்காரர் வெளியூர் போனால் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவசரம் என்றால் காவலுக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, முதியோர் உதவிக்கு 14567. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி அருகில் ஒட்டினோம். மாற்றுச் சாவி ஒன்று அடுத்த வீட்டில் இருக்கட்டும் என்றும் முடிவு செய்தோம். அன்று நாம் பின்கதவை உடைத்தபோது, இரவெல்லாம் யாரையும் எழுப்பாத அந்தச் சைரன் நம்மைத் திருடரென்று எண்ணித் தெருவையே எழுப்பியது.

கனடாவில் இருக்கும் மகனோடும் பேசினோம். இணைப்பு அறுந்தது என்ற அறிவிப்பு இனி விரலால் தள்ளப்படுவதில்லை. அது அடிக்கடி வந்ததற்குக் காரணமே பராமரிப்பு மின்நிறுத்தங்களும் சிறு தடைகளும்தான்; மோடத்துக்குப் பேட்டரி வந்தபின் அந்த வீண் அறிவிப்புகள் நின்றுவிட்டன. அரிதாக வருவதால் இப்போது அதற்கு மதிப்பு உண்டாயிற்று. வந்தால் அவர் நம்மை அழைக்கிறார். பேசாதிருப்பதும் ஒரு செய்தியே. ஆனால் அதை வாசிக்க ஒரு மனிதர் வேண்டும். கருவி மௌனத்தை அனுப்பிவைக்கும், அதன் பொருளைச் சொல்லாது.

மாதந்தோறும் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டீச்சரம்மா வீட்டில் சோதனை நடக்கிறது. தம்பி மெயின் சுவிட்சை அணைப்பார். ஒரு மணி நேரம் அப்படியே விடுவோம். பின் டீச்சரம்மா பொத்தானை அழுத்துவார். சைரன் ஒலிக்கும், நம் பையில் கைப்பேசி அலறும், விடியற்காலை உறக்கம் கலைந்த குரலோடு மகன் அழைத்து, “வந்துடுச்சும்மா” என்பார். அடுத்து மோடத்தையும் அணைத்துவிட்டு, சிம் வழியாகச் செய்தி வருகிறதா என்று பார்ப்போம். ஒரு மாதம் அப்படி அழுத்தியபோது செய்தி வரவில்லை. தம்பி தேடிக் கண்டுபிடித்தார்: சிம்முக்குப் பணம் கட்டும் தவணை முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. நமக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. ஆனால் அதைக் கண்டுபிடித்தது பட்டப்பகலில், டீச்சரம்மா நாற்காலியில் நலமாக அமர்ந்திருக்கும்போது. கட்ட வேண்டிய தேதியை அன்றே பங்கு நாட்காட்டியில் குறித்தோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் இப்படியொரு காவலன் இருந்தால், இன்று மாலையே மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு அணைகிறது என்று நின்று கவனியுங்கள். அப்படியே, அந்தத் தெருவில் தனியே இருக்கும் முதியவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் நாம் புறப்பட எழுவோம். “இருங்க சாமி, காபி போடறேன்” என்று நடைதாங்கியை நகர்த்தியபடி டீச்சரம்மா சமையலறைக்குப் போவார். முன்பெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இப்போது உட்கார்ந்துகொள்கிறோம்.